ஏழையின் கணக்கைத் தணிக்கை செய்த ஆடிட்டர் குமரப்பா

பம்பாய் நகரத்தில் பெரிய கம்பெனிகளின் கணக்குகளைச் சரிபார்த்து, கைநிறையச் சம்பாதித்து, கோட்டும் சூட்டுமாக வாழ்ந்தவர் ஒரு தமிழர். 35 வயதில் அவர் மீண்டும் மாணவரானார். கடல் கடந்து சென்று பொருளாதாரம் படித்தார். அந்தப் படிப்பு அவரை மேலும் பெரிய பணக்காரராக ஆக்கியிருக்க வேண்டும். ஆனால் நடந்தது வேறு. படித்து முடித்துத் திரும்பியவர் சூட்டைக் கழற்றிவிட்டுக் கதர் உடுத்தினார். கம்பெனிகளின் கணக்கை விட்டுவிட்டுக் குடியானவனின் கணக்கைக் கையில் எடுத்தார். சிறைக்குப் போனார். கடைசியில் மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் எளிய குடிலில் வாழ்ந்தார்.

அவர்தான் ஜே.சி.குமரப்பா. காந்தியடிகளின் பொருளாதாரக் கொள்கைக்குக் கணக்கும் கட்டுக்கோப்பும் கொடுத்தவர் என்று பேர் பெற்றவர்.

தஞ்சையில் பிறந்தவர்

1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தார் குமரப்பா. பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். தந்தை சாலமன் துரைசாமி கார்னீலியஸ், சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். கண்டிப்பும் ஒழுங்கும் நிறைந்த வீடு. சகோதரர்களில் இருவர் பின்னாளில் அவரைப் போலவே பேர் பெற்றார்கள். பரதன் குமரப்பா காந்தியடிகளின் எழுத்துகளைத் தொகுத்துப் பதிப்பித்தவர். ஜெகதீசன் குமரப்பா பம்பாயில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவர்.

படிப்பு முடிந்ததும் செல்லத்துரை லண்டனுக்குக் கப்பலேறினார். முதல் உலகப் போர் மூள்வதற்கு முன்பே போனவர், அங்கே கணக்குத் தணிக்கை பயின்று, தேறி, லண்டனிலேயே வேலையும் பார்த்தார். ஆங்கிலேயரின் நடை, உடை, பழக்கம் எல்லாம் அவருக்குப் பிடித்துப்போயின. போர் முடிந்தபின் மகன் ஊர் திரும்ப வேண்டும் என்று தாயார் விரும்பினார். அதற்கிணங்கி 1919-இல் இந்தியா திரும்பினார்.

பம்பாய் வாழ்க்கை

திரும்பியவர் வேலைக்குத் தேர்ந்தெடுத்த ஊர் பம்பாய். பஞ்சாலைகளும் கப்பல் கம்பெனிகளும் பாங்குகளும் நிறைந்த நகரம். கணக்குத் தெரிந்தவனுக்குப் பிழைப்புக்குக் குறைவில்லாத இடம். முதலில் ஒரு வெள்ளைக்காரத் தணிக்கைக் கம்பெனியில் வேலை பார்த்தார். பிறகு 1924-இல் டாவர் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து 'கார்னீலியஸ் அண்டு டாவர்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். வணிகக் கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

தணிக்கை செய்பவனின் வேலை என்ன? பேரேட்டில் எழுதியிருப்பது உண்மைதானா என்று பார்ப்பது. பணம் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது, போனதற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்பது. வரவும் செலவும் கூட்டுத்தொகையில் ஒத்துப்போனால் மட்டும் போதாது. செலவு எந்த முதலாளியின் பணமோ, அந்த முதலாளியின் நன்மைக்காகச் செய்யப்பட்டதா என்பதும் முக்கியம். இந்தப் பழக்கம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. பிற்காலத்தில் அவர் சர்க்காரின் கணக்கைப் பார்த்தபோதும், காங்கிரஸ் மகாசபையின் கணக்கைப் பார்த்தபோதும் இதே கேள்விகளைத்தான் கேட்டார்.

அமெரிக்காவில் மாணவர்

1927-இல் குமரப்பா அமெரிக்காவுக்குச் சென்றார். ஓய்வுக்காகப் போன பயணம் அது. ஆனால் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. சிராக்யூஸ் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, வணிக நிர்வாகத்தில் 1928-இல் பட்டம் பெற்றார். அடுத்து நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்தில் எம்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பாடம் பொது நிதி.

பொது நிதி என்பது சர்க்காரின் வரவு செலவு பற்றிய படிப்பு. எந்த மக்களிடம் எவ்வளவு வரி வாங்குகிறார்கள், அதை எதில் செலவிடுகிறார்கள், கடன் எதற்கு வாங்குகிறார்கள், அதனால் நாடு செழிக்கிறதா நலிகிறதா என்று ஆராய்வது. அந்தத் துறையில் அப்போது உலகப் புகழ் பெற்றிருந்த பேராசிரியர் செலிக்மன் கொலம்பியாவில் இருந்தார். குமரப்பா அவருடைய மாணவரானார்.

இந்தச் சமயத்தில் நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் பேசும்படி குமரப்பாவை அழைத்தார்கள். இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்பது பேச்சின் பொருள். அந்தப் பேச்சு பத்திரிகையில் வெளிவந்தது. அது செலிக்மன் கண்ணில் பட்டது. இந்தியாவின் வறுமைக்கு அங்குள்ள சர்க்காரின் நிதி நிர்வாகம் எவ்வளவு தூரம் காரணம் என்பதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாமே என்று அவர் தம் மாணவருக்கு யோசனை சொன்னார். குமரப்பா ஒப்புக்கொண்டார்.

அதுவரை அவர் அரசியலில் ஈடுபட்டவர் அல்ல. ஆங்கிலேய ஆட்சியால் இந்தியாவுக்குப் பல நன்மைகள் என்று நம்பிய கூட்டத்தைச் சேர்ந்தவராகத்தான் இருந்தார். ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து இந்திய சர்க்காரின் பட்ஜெட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டியபோது, ஆடிட்டரின் கண் விழித்துக்கொண்டது.

கணக்கு காட்டிய உண்மை

வரியின் பெரும்பகுதி யாரிடமிருந்து வந்தது? நிலத்தை உழுதவனிடமிருந்தும், உப்பு வாங்கியவனிடமிருந்தும் வந்தது. அந்தப் பணம் எங்கே போனது? ராணுவத்துக்குப் போனது. கடனுக்கு வட்டியாகப் போனது. உயர்ந்த உத்தியோகஸ்தர்களின் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் போனது. அதில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இங்கிலாந்துக்கே போய்ச் சேர்ந்தது. படிப்புக்கும் சுகாதாரத்துக்கும் விவசாயத்துக்கும் கிடைத்தது சொற்பமே.

ஏரியில் இருந்து தண்ணீர் எடுத்தால் அது அதே ஊரின் வயலுக்குப் பாய வேண்டும். அப்போது அது மறுபடி விளைச்சலாகத் திரும்பி வரும். எடுத்த தண்ணீரை வேறு நாட்டு வயலுக்குப் பாய்ச்சினால் ஏரியும் வற்றும், ஊரும் காயும். வரிப்பணமும் அப்படித்தான். ஏழையிடம் எடுத்ததை ஏழைக்குத் திரும்பிவரும் வகையில் செலவிட்டால் வரி ஒரு பாரமாக இராது. இந்தியாவில் நடந்தது இதற்கு நேர்மாறு என்பதே குமரப்பா தம் ஆராய்ச்சியில் காட்டிய உண்மை.

வறுமை விதியின் பயனும் அல்ல, மக்கள் சோம்பேறிகள் என்பதால் வந்ததும் அல்ல. அது கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட ஒரு கொள்கையின் விளைவு. இதைக் கண்டுகொண்டபின் பழைய கார்னீலியசாக அவரால் இருக்க முடியவில்லை. அந்தக் காலத்தில்தான் குடும்பத்தின் முன்னோர் பெயரான குமரப்பா என்பதைத் தம் பெயராக வைத்துக்கொண்டார்.

ஓர் ஆசிரியர், இரு மாணவர்கள்

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். செலிக்மனிடம் குமரப்பாவுக்கு முன்பே இன்னோர் இந்தியரும் படித்திருந்தார். அவர் டாக்டர் அம்பேத்கர். 1913-இல் கொலம்பியாவுக்குச் சென்ற அம்பேத்கர், பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி எப்படி வளர்ந்தது என்பதை ஆராய்ந்தார். 1925-இல் அது புத்தகமாக வந்தபோது முன்னுரை எழுதியவர் செலிக்மன்தான். ரூபாயின் மதிப்புப் பற்றி அம்பேத்கர் லண்டனில் செய்த ஆராய்ச்சி 1923-இல் நூலாயிற்று. நாணய முறை பற்றி விசாரிக்க வந்த ஹில்டன் யங் கமிஷன் முன் அவர் சாட்சியமும் அளித்தார்.

ஒரே ஆசிரியர், ஒரே பல்கலைக் கழகம், இருவருக்கும் தொடர்புள்ள நகரம் பம்பாய். இருவரும் புத்தகப் பொருளாதாரத்தோடு நிற்காமல், நாட்டின் நடைமுறைக் கொள்கையையே ஆராய்ந்தார்கள். ஆனால் பின்னாளில் இருவர் பாதையும் பிரிந்தது. குமரப்பா கிராமத்தை நாட்டின் உயிர்நாடியாகக் கண்டார். அம்பேத்கரோ கிராமத்தைச் சாதிக் கொடுமையின் இருப்பிடமாகக் கண்டார். 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அதை வெளிப்படையாகவே சொன்னார். இந்த இரண்டு பார்வைக்கும் இடையில் உள்ள வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

சபர்மதியில் ஒரு சந்திப்பு

1929-இல் குமரப்பா பம்பாய் திரும்பினார். தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட விரும்பினார். அதைக் காந்தியடிகளிடம் காட்டலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். 1929 மே 9-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்தில் சந்திப்பு ஏற்பாடாயிற்று.

மேல்நாட்டு உடையில், கையில் தடியோடு குமரப்பா போனார். வழியில் ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு முதியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். நேரம் இன்னும் ஆகவில்லை என்று குமரப்பா தடியை ஊன்றியபடி நின்று அதைப் பார்த்தார். சற்று நேரத்தில் அந்த முதியவரே பெயர் சொல்லி விசாரித்தபோதுதான், அவர்தான் காந்தியடிகள் என்று புரிந்தது. மடிப்புக் கலையாத கால்சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் குமரப்பாவும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கட்டுரையைத் தம் 'யங் இந்தியா' பத்திரிகையில் தொடராக வெளியிடக் காந்தியடிகள் சம்மதித்தார். அது பின்னர் நூலாகவும் வந்தது. அத்தோடு ஒரு வேலையையும் ஒப்படைத்தார். குஜராத் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று மக்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்க வேண்டும் என்பதே அந்த வேலை. குமரப்பாவுக்கு குஜராத்தி தெரியாது. மொழி தெரியாத ஊரில் எப்படிக் கணக்கெடுப்பது? குஜராத் வித்யாபீடத்து மாணவர்கள் உடன் வருவார்கள், மொழியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஏற்பாடாயிற்று.

மாத்தர் தாலுகா கணக்கெடுப்பு

தேர்ந்தெடுத்த இடம் கேடா மாவட்டத்தில் உள்ள மாத்தர் தாலுகா. கேடா என்றால் பலருக்கும் 1918-ஆம் ஆண்டு சத்தியாக்கிரகம் நினைவுக்கு வரும். அன்றைய தகராறே ஒரு கணக்குத் தகராறுதான். விளைச்சல் நாலணாவுக்கு, அதாவது கால் பங்குக்குக் குறைந்தால் நிலவரியை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது விதி. விளைச்சல் அதற்கும் குறைவு என்றார்கள் விவசாயிகள். அதிகம் என்றார்கள் அதிகாரிகள். ஏழையின் கையில் எழுதிவைத்த கணக்கு இல்லை. அதிகாரி கையில் இருந்த காகிதம் பேசியது.

அந்த மாவட்டத்தில்தான் குமரப்பா கணக்கெடுக்கப் புறப்பட்டார். 1929 கடைசியில் வேலை தொடங்கியது. 50-க்கும் மேற்பட்ட கிராமங்கள். குடும்பத்தில் எத்தனை பேர், நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, விதைக்கும் எருவுக்கும் ஆன செலவு என்ன, விளைந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, சாப்பிட்டது எவ்வளவு, கடன் எவ்வளவு, அதற்கு வட்டி என்ன என்று ஒவ்வொன்றையும் கேட்டு எழுதினார்கள்.

பம்பாயில் கம்பெனிக்கு ஐந்தொகை தயாரிப்பது போலவே, இங்கே ஒரு தாலுகாவின் குடியானவர்களுக்கு ஐந்தொகை தயாராயிற்று. சாகுபடிச் செலவைக் கழித்துப் பார்த்தால் பல குடும்பங்களுக்கு நிலத்திலிருந்து மிச்சமே இல்லை. அப்படியிருக்க வரி எங்கிருந்து கட்டப்பட்டது? வயிற்றைக் குறைத்தும் கடன் வாங்கியும் கட்டப்பட்டது. 1931-இல் வித்யாபீடம் இந்த அறிக்கையை வெளியிட்டது. கிராமப் பொருளாதாரத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் ஆவணம் அது.

சிறையும் கடன் கணக்கும்

1930 மார்ச்சில் தண்டி யாத்திரை தொடங்கியது. தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறை புகுந்தார்கள். 'யங் இந்தியா' பத்திரிகையை நடத்தும் பொறுப்பு குமரப்பாவின் தோளில் விழுந்தது. சர்க்காரின் நிதிக் கொள்கையை அவர் புள்ளிவிவரத்தோடு தாக்கி எழுதினார். 1931 தொடக்கத்தில் அவரையும் கைது செய்து தண்டித்தார்கள். அந்த மார்ச்சில் காந்தி – இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்டதால் சீக்கிரம் வெளியே வந்தார்.

வந்தவுடன் ஒரு பெரிய வேலை காத்திருந்தது. இந்தியாவின் பெயரில் சர்க்கார் வாங்கியிருந்த கடனில் எது நியாயமானது, எது நியாயமற்றது என்று பரிசீலிக்கக் காங்கிரஸ் ஒரு குழு அமைத்தது. பகதூர்ஜி, புலாபாய் தேசாய், கே.டி.ஷா ஆகியோரோடு குமரப்பாவும் உறுப்பினர். குழுவைக் கூட்டி நடத்தியவர் அவரே.

கிழக்கிந்தியக் கம்பெனியைச் சர்க்கார் வாங்கியதற்கு ஆன தொகை யார் தலையில் எழுதப்பட்டது? 1857 கலகத்தை அடக்கிய செலவு யார் கணக்கில் ஏறியது? இந்தியாவுக்கு வெளியே நடந்த போர்களுக்குப் பணம் கொடுத்தது யார்? முதல் உலகப் போரின்போது இந்தியாவின் பெயரால் இங்கிலாந்துக்கு நன்கொடை என்று எழுதப்பட்ட 10 கோடி பவுன் யாரைக் கேட்டுக் கொடுக்கப்பட்டது? குழு இந்தக் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பியது. கடன் பத்திரத்தில் ஒருவன் கையெழுத்துப் போட, பணத்தை வேறொருவன் செலவழித்திருந்தால், கடனைத் தீர்க்க வேண்டியவன் யார்? எந்த ஊர் நீதிமன்றத்திலும் கேட்கக்கூடிய கேள்விதான். அதை ஒரு சாம்ராஜ்யத்தைப் பார்த்துக் கேட்டார்கள். 1932-இல் குமரப்பா மீண்டும் சிறை சென்றார்.

காந்தியடிகளுக்கும் அதே விதி

1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பயங்கரமான பூகம்பம். பல்லாயிரம் வீடுகள் மண்ணோடு மண்ணாயின. ராஜேந்திர பிரசாத் நிவாரணக் குழு அமைத்தார். நாடெங்கிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. ஒரு காசுகூட வீணாகாமல் கணக்கு வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று குமரப்பாவை அழைத்தார்கள்.

அவர் போட்ட முதல் கட்டுப்பாடு தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்றணா. அதற்குமேல் கிடையாது. அந்த நேரத்தில் காந்தியடிகள் தம் பரிவாரத்தோடு பாட்னாவுக்கு வந்தார். அவர்களுக்குப் பாலும் பழமும் வேண்டும். மூன்றணாவில் அது அடங்காது. நிவாரண நிதியிலிருந்து அதற்குப் பணம் தர முடியாது என்று குமரப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிதி பூகம்பத்தில் வீடிழந்தவர்களுக்காகக் கொடுக்கப்பட்டது, விருந்தினருக்காக அல்ல என்பது அவர் நியாயம். செய்தி காந்தியடிகளின் காதுக்கு எட்டியது. அவர் அதை ஏற்றுக்கொண்டு, தம் குழுவின் செலவை வேறு வழியில் பார்த்துக்கொள்ளச் செய்தார். குமரப்பாவின் மேல் அவருக்கு இருந்த மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

வெள்ளைக்கார சர்க்காரைப் பார்த்துக் கேட்ட கேள்வியைத் தம் தலைவரைப் பார்த்தும் கேட்கத் துணிவு வேண்டும். அது அவரிடம் இருந்தது.

வார்தாவில் கிராமக் கைத்தொழில்

1934 அக்டோபரில் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை கூடியது. கிராமக் கைத்தொழில்களை வளர்க்க ஒரு சங்கம் அமைப்பது என்று அங்கே தீர்மானம் ஆயிற்று. டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் பிறந்தது. அதன் செயலாளர் குமரப்பா. ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டத்தில், மகன்வாடி என்ற பெயரில் வேலை நடந்தது.

பொருளாதாரம் படித்தவர் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்துவிடவில்லை. கைக்குத்தல் அரிசி, மரச் செக்கு, கைக் காகிதம், தேனீ வளர்ப்பு, பனை வெல்லம், சோப்பு, மண்பாண்டம் என்று ஒவ்வொரு தொழிலையும் சோதித்துப் பார்த்து, கருவிகளைத் திருத்தி, ஆட்களைப் பழக்கினார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கும் அங்கே உருவாயிற்று.

ஒரு விளக்கில் என்ன பொருளாதாரம் இருக்கிறது? மண்ணெண்ணெய் வாங்கினால் காசு கிராமத்தை விட்டு வெளியே போகிறது. ஊரில் விளைந்த வித்தை ஊர்ச் செக்கில் ஆட்டி எடுத்த எண்ணெயை வாங்கினால், உழுதவனுக்கும் செக்காடுபவனுக்கும் வேலை கிடைக்கிறது. பிண்ணாக்கு மாட்டுக்குக் கிடைக்கிறது. காசு ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. கொலம்பியாவில் பட்ஜெட்டில் கண்ட அதே தத்துவம்தான் இது. கொலம்பியாவில் கணக்கு ஒரு நாட்டுக்கு, மகன்வாடியில் ஒரு வீட்டுக்கு.

மத்திய மாகாண மந்திரிசபை கேட்டுக்கொண்டதன்பேரில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் தொழில் கணக்கெடுப்பும் நடத்தினார். 1938-இல் நேருவின் தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவிலும் இடம் பெற்றார். ஆனால் அங்கே பெரிய ஆலைகளுக்கே முதலிடம் என்று கண்டதும் விலகிவிட்டார். நேரு உள்ளிட்ட பலர் அவருடைய கருத்தை ஏற்கவில்லை. பெரிய தொழில் இல்லாமல் கோடிக்கணக்கான மக்களின் வறுமையைப் போக்க முடியாது என்பது அவர்கள் வாதம். ஆலை ஒருவனுக்கு வேலை கொடுக்கும்போது எத்தனை பேருக்கு வேலை போகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது குமரப்பாவின் வாதம்.

சிறையில் பிறந்த நூல்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சர்க்கார் நோட்டுகளை அச்சடித்துத் தானியத்தையும் சாமான்களையும் வாங்கிக் குவித்தது. அதற்கு ஈடு என்று லண்டனில் கணக்கு எழுதி வைத்தது. பொருள் போய்விட்டது, காகிதம் மிஞ்சியது. விலைவாசி ஏறியது. சம்பளக்காரருக்குப் பஞ்சப்படி என்று ஏதோ கொஞ்சம் கிடைத்தது. கிராமத்துக் கூலிக்காரருக்கு அதுவும் இல்லை. 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் மாண்டார்கள். பணவீக்கம் என்றால் என்ன, அது ஏழையின் சட்டைப் பையிலிருந்து எப்படித் திருடுகிறது என்று குமரப்பா எளிய நடையில் எழுதினார். மறுபடி சிறை. 1945-இல்தான் வெளியே வந்தார்.

சிறையில் அவர் எழுதிய நூல்தான் நிலைத்த பொருளாதாரம் பற்றியது. 1945-இல் காந்தியடிகளின் முன்னுரையோடு அது வெளிவந்தது. இயற்கையையே பாடப் புத்தகமாக வைத்து அவர் அதில் விளக்கினார். தோப்பில் புகுந்து பழத்தைப் பறித்துத் தின்னும் குரங்கு, மரம் வைக்க ஒன்றும் செய்வதில்லை. தேனீ தனக்காக மட்டும் தேன் சேர்ப்பதில்லை, கூட்டுக்காகச் சேர்க்கிறது. தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டும்போது பிரதிபலனை எண்ணுவதில்லை. மனிதர்களின் பொருளாதாரத்தையும் இப்படிப் படிப்படியாகப் பிரித்து, தாயின் படியே உயர்ந்தது என்றார்.

இன்னொன்றையும் அதில் சுட்டிக்காட்டினார். நிலக்கரியும் பெட்ரோலும் தொட்டியில் தேங்கிய நீர் போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். மரமும் பயிரும் ஓடுகிற ஆறு போன்றவை. அளவோடு எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். தொட்டி நீரை நம்பி வாழ்கிற நாடுகள் ஒருநாள் அதற்காகச் சண்டை போடும் என்று எச்சரித்தார். சுற்றுச்சூழல் என்ற சொல் பொதுமக்கள் வாயில் புழங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதியது இது.

உழுபவனுக்கே நிலம்

சுதந்திரம் வந்தது. காங்கிரஸ் அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். 1949-இல் அறிக்கை கொடுத்தார். உழுபவனுக்கும் சர்க்காருக்கும் இடையில் எந்த இடைத்தரகரும் இருக்கக்கூடாது. விதவைகள், சிறுவர்கள், உடல் ஊனமுற்றோர் தவிர மற்றவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விடக்கூடாது. ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும். அறிக்கையின் சாரம் இதுதான்.

1950-களில் மாநிலங்கள் ஜமீன்தாரி முறையை ஒழித்தன. ஆனால் உச்சவரம்புச் சட்டங்கள் வரத் தாமதமாயிற்று. வந்த சட்டங்களிலும் ஓட்டைகள் பல. நிலம் பினாமி பெயர்களில் ஒளிந்துகொண்டது. ஆட்சிக்கு வந்தவர்கள் தம் பழைய நண்பர்களே என்பதற்காகக் குமரப்பா வாயை மூடிக்கொள்ளவில்லை. தவறு என்று பட்டதை வெளிப்படையாக எழுதினார். பதவி எதையும் நாடவில்லை. டில்லியில் அவருக்கு நண்பர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

கல்லுப்பட்டியில் கடைசி நாட்கள்

சில காலம் வார்தாவுக்கு அருகே சேல்டோ கிராமத்தில் பண்ணை ஆசிரமம் அமைத்து விவசாயச் சோதனைகள் செய்தார். உடல்நிலை குன்றியது. இளமையில் விட்டுச்சென்ற தமிழ் மண்ணுக்கே திரும்பினார். மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமம் அவருக்கு இடம் கொடுத்தது. திருமணம் செய்துகொள்ளாதவர். சொத்து சேர்க்காதவர். அவர் குடிலில் ஒரு சாதாரணக் கிராமத்து ஏழையின் படம் மாட்டியிருந்தது. தம் குருவான காந்தியடிகளுக்கே குரு அவர்தான் என்பது குமரப்பா கொடுத்த விளக்கம்.

1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் குமரப்பா காலமானார். அப்போது அவருக்கு வயது 68.

அவர் விரும்பிய கிராமப் பொருளாதாரம் நாட்டின் கொள்கையாக ஆகவில்லை. ஆலைகளும் நகரங்களும் பெருகின. பிழைப்புத் தேடிக் கிராமத்தை விட்டு வந்தவர்களின் கூட்டமும் பெருகியது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் வெளியாகும்போது அவர் கேட்ட கேள்வி புதிதாகவே எழுந்து நிற்கிறது. வரி கட்டியவன் யார், செலவின் பலன் போய்ச் சேர்ந்தது யாருக்கு? பேரேட்டின் இரண்டு பக்கங்களையும் பார்த்துக் கூட்டத் தெரிந்த எந்தக் குமாஸ்தாவும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். அதற்குக் கொலம்பியாவுக்குப் போக வேண்டியதில்லை என்பதை, கொலம்பியாவுக்குப் போய்வந்த குமரப்பாவே தம் வாழ்க்கையால் காட்டிவிட்டார்.